பக்கத்து சீட்டின் எடை

இதில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. கிழமை, மணி, கிலோ எல்லாம் ஒரு அட்டையில் எழுதியிருக்கின்றன. பென்சில் எழுத்து. ஓரத்தில் கிரீஸ் பட்ட கட்டைவிரல் ரேகை. அந்த அட்டையைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிசி, இருட்டு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, வாசலில் லாரிகள் போய் வந்துகொண்டிருந்த ஒரு பட்டறைக்குள்.

அந்தப் பட்டறைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் பட்டைக்காரர் என்று கூப்பிடுவார்கள். வண்டியின் பின்பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். இரும்புப் பட்டைகளை நீளவாரியாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, நடுவில் போல்ட்டு போட்டு இறுக்கிய வில் போன்ற கட்டு அது. வண்டி ஒரு பக்கம் தொங்கினால் நேராக இவரிடம்தான் வருவார்கள். ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவியின் தம்பி வெல்டிங் கடை வைத்திருந்தான். தடுப்பு என்பது பார்வைக்குத்தான். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. கரும்பச்சை நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. பட்டைக்காரர் பிறப்பதற்கு முன்னாலேயே தயாரான வண்டி. துணிக் கூரை. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். ஓட்டிவந்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், நகத்தில் அழுக்கே பார்க்க முடியாத கை.

"பின்னாடி ஒரு பக்கம் தொங்குது. பாத்தாலே அசிங்கமா இருக்கு" என்றார்.

"எந்தப் பக்கம் டாக்டர்?"

"வீட்டுக்காரி உக்கார்ற பக்கம்."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மச்சினன் குரல் வந்தது. "அப்ப ஸ்பிரிங்கக் குத்தம் சொல்லாதீங்க சார்."

மூன்று பேரும் சிரித்தார்கள். மச்சினன் சிரித்து முடித்தான். பட்டைக்காரர் சிரித்து முடித்து டேப்பை எடுத்தார். டாக்டர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அவசரமில்ல. நிதானமாப் பாருங்க. வேற வண்டி இருக்கு எனக்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

பட்டைக்காரர் அளந்தார். தரையிலிருந்து பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு வரை, ஓட்டுகிறவர் பக்கம் இருபத்துநாலு அங்குலம். பக்கத்து சீட்டுப் பக்கம் இருபத்திரண்டரை. ஒன்றரை அங்குலச் சரிவு. பட்டை படுத்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு பக்கத்துப் பட்டைக் கட்டுகளையும் கழற்றித் தரையில் அருகருகே கிடத்தினார்.

அங்கேதான் முதல் உறுத்தல். இரண்டு கட்டிலும் வளைவு ஒரே மாதிரி இருந்தது. ஒன்று தேய்ந்து ஒன்று நன்றாக இருந்தால்தானே வண்டி ஒரு பக்கம் தொங்கும்? இரண்டும் கொஞ்சம் களைத்திருந்தன, அவ்வளவுதான்.

சரி, பழைய இரும்பு, எதையாவது மறைக்கும் என்று நினைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை புதுக் கட்டு போட்டார். ரப்பர் புஷ், பட்டையை அடிச்சட்டத்தோடு மாட்டுகிற ஷேக்கிள், போல்ட்டு எல்லாம் புதுசு. சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டி, பாரம் உட்கார்ந்த பிறகே போல்ட்டுகளை இறுக்கினார். முறைப்படி செய்தார். டேப்பை வைத்துப் பார்த்தார்.

ஓட்டுகிறவர் பக்கம் இருபத்துநாலரை. அந்தப் பக்கம் இருபத்துமூன்றரை.

கட்டுகளை இடம் மாற்றிப் போட்டார். அந்தக் கட்டை இந்தப் பக்கம், இந்தக் கட்டை அந்தப் பக்கம். சரிவு நகரவில்லை. பக்கத்து சீட்டுப் பக்கமேதான் இருந்தது.

புதன்கிழமை சேசிஸ் என்கிற அந்த அடிச்சட்டத்தில் கயிறு கட்டிப் பார்த்தார். கோணல் இல்லை. கடைசியாக எடைப் பலகைகளை எடுத்தார். ரேஸ் வண்டிப் பட்டறை ஒன்றை மூடியபோது வாங்கி வைத்தது. நாலு சக்கரத்துக்குக் கீழும் நாலு பலகை, எண்கள் ஒளிரும் ஒரு பெட்டி. வண்டியை மேலே ஏற்றினார். சர்வீஸ் புத்தகத்தில் அந்த மாடலின் எடை இருக்கும். டாங்கில் இருந்த பெட்ரோலைச் சேர்த்து, ஸ்பேர் சக்கரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டார்.

நாற்பத்தேழரை கிலோ அதிகம்.

பாய்களைத் தூக்கினார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். பின்பெட்டியைக் காலி செய்தார். பக்கத்து சீட்டையே கழற்றி வெளியில் வைத்தார். சீட்டின் எடை ஒன்பது கிலோ. அந்த ஒன்பது குறைந்தது. நாற்பத்தேழரை அப்படியே நின்றது... சீட்டு இல்லாத வெறும் தகரத்தின் மேல்.

டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், வண்டில நாப்பத்தேழரை கிலோ கூடுதலாக் காட்டுது. உள்ள ஏதாவது வச்சிருந்தீங்களா?"

 போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"நாப்பத்தேழரை."

டாக்டர் அந்த எண்ணை ஒரு தடவை முணுமுணுத்தார். பிறகு, "நாளைக்கும் எடை போட்டுச் சொல்லுங்க. தினமும் சொல்லுங்க."

பட்டைக்காரர் ஒரு அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தது அப்படித்தான். சீட்டை மறுபடியும் மாட்டினார். வண்டியைப் பலகை மேலேயே விட்டுவிட்டார். பெட்டியில் வண்டியின் சொந்த எடையைக் கழித்து, கூடுதல் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்.

வியாழன், காலை 10.00. நாற்பத்தாறரை.

வெள்ளி, காலை 10.00. நாற்பத்தைந்தரை.

சனி, காலை 10.00. நாற்பத்தைந்து.

எடை குறைகிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். என்ன காரணம் என்று புரியவில்லை. ஆனால் தான் செய்த வேலை பலிக்கிற மாதிரி இருந்தது. தினமும் உற்சாகமாகப் போன் செய்தார்.

"இன்னிக்கு அரை கிலோ கொறைஞ்சிருக்கு டாக்டர்."

"நல்லது. விடுங்க, தானாக் கொறையும்" என்பார் அவர். ஒவ்வொரு போனும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

ஞாயிறு விடுமுறை. அட்டையில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறது.

திங்கள் காலை நாற்பத்துமூன்று. அன்று மதியம் ஒன்று ஐந்துக்கு, ஸ்டூலைக் காருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மூடி திறந்த சத்தத்தோடு சேர்ந்து இன்னொரு சத்தம். கிரீச்... பின்பக்கப் பட்டை முனகியது. யாரும் வண்டியைத் தொடவில்லை. திரும்பி எண் பெட்டியைப் பார்த்தார்.

மொத்தம் நாற்பத்துமூன்றேதான். கூடவில்லை, குறையவில்லை. ஆனால் பின்சக்கரத்துப் பலகையிலிருந்து ஐந்து கிலோ முன்சக்கரத்துப் பலகைக்கு நகர்ந்திருந்தது.

அவருக்குத் தொழில் தெரியும். சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் எட்டிச் சாய்ந்தால்தான் அப்படி ஆகும்.

டப்பாவை மூடினார். ஐந்து கிலோ மெதுவாகப் பின்னால் போனது.

திறந்தார். முன்னால் வந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், லாரிப் புகையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். அதற்குப் பிறகு பட்டறைக்குள் அவர் சாப்பிடவில்லை. தண்ணீர்கூட வெளியில்தான்.

செவ்வாய், நாற்பத்திரண்டு. காலை 11.20.

டொக்... டொக்... டொக்.

காருக்குள்ளிருந்து. இரும்பில் இரும்பு படுகிற சத்தம் இல்லை. விரல் முட்டியால் மரக்கதவைத் தட்டுகிற சத்தம். காரிலோ மரம் என்று ஒரு துண்டுகூடக் கிடையாது.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து மச்சினன் கேட்டான். "என்ன மாமா, தட்டிக்கிட்டே இருக்க? கூப்பிட்டியா?"

"நான் தட்டல."

வெல்டிங் சத்தம் நின்றது.

புது புஷ், உட்காருகிற வரைக்கும் சத்தம் போடும் என்று பட்டைக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கீழே படுத்து நகர்ந்து போய், ஷேக்கிள் போல்ட்டுகளை இன்னும் அரைச் சுற்று இறுக்கினார். பக்கத்து சீட்டுக்கு நேர் கீழே தகரத்தில் ரப்பர் துண்டுகளைத் திணித்தார். சத்தம் அமுங்கியது. நின்றுவிடவில்லை. ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஆயிற்று.

காதுக்குக் கேட்காத அளவுக்கு ஆனதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

புதன், நாற்பத்தொன்று. பிற்பகல் 3.40. வெளியே தார் உருகுகிற வெயில். பக்கத்து சீட்டு ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கம், ஒரு உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடியும் படிந்தது.

கதவைத் திறந்து துணியால் துடைத்தார். மூடினார்.

படிந்தது.

மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் ஊர்பட்ட வாய் பேசுகிறவன். அன்று கேலி எதுவும் செய்யவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஆவி வந்து வந்து போவதை ஒரு நிமிஷம் எண்ணினான்.

"மூச்சு மாமா இது."

"சும்மா இரு."

"பழைய வண்டி. எத்தன கை மாறியிருக்கும். எவளோ ஒருத்தி இதுல செத்திருக்கா." ஜன்னலை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "அந்த டாக்டர் சம்சாரம் எங்க இருக்காங்க? கேட்டியா?"

"நமக்கு எதுக்குப்பா?"

"கேளு மாமா. அவங்களுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கும்."

அன்றைய போனில் கேட்டார். "வீட்டுல அம்மா சௌக்கியமா டாக்டர்?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. ஏன்?"

"சும்மாதான்."

"எவ்வளவு இன்னிக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"சரி."

வீட்டு விலாசம் வேலைச் சீட்டில் இருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான். சைக்கிளில் போனால் ஐந்து நிமிஷம். போகவில்லை. ஊருக்குப் போயிருக்கிறவரைத் தேடிப் போய் என்ன கேட்பது? செத்துப்போன யாரோ ஒருத்தி என்று மச்சினன் சொன்னதே அவர் மனதில் நின்றுவிட்டது. செத்தவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்? அவர்கள் நம்மை விட்டால் போதாதா?

வியாழன் காலை, நாற்பது.

போன் செய்தார். "சரி" என்றார் டாக்டர்.

அன்று மச்சினன் கடை திறக்கவில்லை. பட்டைக்காரர் மட்டும்தான். வேறு வண்டி எதிலும் கை வைக்க முடியவில்லை. ஸ்பேனர் நழுவியது. கண் அந்தக் கண்ணாடியிலேயே இருந்தது. ஆவி இப்போது ரொம்பச் சின்னதாகிவிட்டது. ஒரு நாணயம் அளவு. படிவதற்கும் மறைவதற்கும் நடுவில் நேரம் நீண்டுகொண்டே போயிற்று...

நாலு மணிக்கு எழுந்தார். பக்கத்து சீட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தார்.

சீட்டு காலி. நடுவில் ஒரு குழிவு மட்டும். சின்னக் குழிவு.

"அம்மா" என்றார்.  கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அம்மா. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் ஸ்பிரிங் வேல பாக்குறவன். உங்களுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு."

டொக்.

ஒரே ஒரு தடவை.

"தட்டாதீங்க. எங்கிட்டத் தட்டிப் பிரயோஜனம் இல்ல. எறங்கிப் போயிடுங்க."

எண் பெட்டி நாற்பதிலேயே நின்றது.

"போங்கன்னா போங்க. சனியனே, எறங்கித் தொல."

அதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

எண் பெட்டி மினுங்கியது.

நாற்பது...

முப்பத்தொன்று...

பட்டை முனகியது. கிரீச்...

பதினெட்டு.

சீட்டின் குழிவு மெல்ல மேலே எழும்பியது.

ஆறு.

அவருடைய சட்டைக் கையை ஏதோ பிடித்தது. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

கையை உதறினார்.

விட்டது.

பூஜ்யம்.

மணி 4.10.

டேப்பை எடுத்து அளந்தார். ஓட்டுகிறவர் பக்கம் இருபத்துநாலரை. பக்கத்து சீட்டுப் பக்கம் இருபத்துநாலரை. நூல் பிசகவில்லை. கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. போன் போட்டார்.

"சரியாயிடுச்சு டாக்டர். பூஜ்யம் காட்டுது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

ஐந்து மணிக்கு டாக்டர் வந்துவிட்டார். பின்னால் நின்று குனிந்து வண்டியைப் பார்த்தார். பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து, மெத்தையைக் கையால் ஒரு தடவை தடவினார். "அருமையான வேலை" என்றார். வண்டி தெருமுனை திரும்புகிறவரை பட்டைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். நேராக, அம்சமாகப் போயிற்று. அன்று வீட்டுக்குப் போய்ப் நாலு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கினார்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். டாக்டரின் போனுக்கு இந்தப் பட்டறையிலிருந்து ஒன்பது அழைப்புகள் போயிருக்கின்றன, தினமும் என்ன பேசினீர்கள் என்று கேட்டார்.

"எடை சொன்னேன்மா."

"என்ன எடை?"

அட்டையைக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைப் படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

டாக்டர் தன் மனைவியை மாடிப் பின்னறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். கனமான மரக்கதவு. பூட்டிவிட்டு நேராகக் காரை எடுத்துக்கொண்டு இங்கேதான் வந்திருக்கிறார். சாப்பாடு கொடுக்கவில்லை. அறையோடு சேர்ந்த குளியலறையில் குழாய் இருந்ததால் தண்ணீர் மட்டும் கிடைத்திருக்கிறது. அக்கா தன் வீட்டுக்கு வந்திருப்பதாக டாக்டர் ஊரெல்லாம் சொல்கிறார் என்று தெரிந்ததும் அந்தத் தங்கைதான் புகார் கொடுத்தாள். போலீஸ் போனபோது உள்ளே இருந்தவர் உயிரோடு இல்லை.

 பட்டைக்காரருக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அது மட்டும் தான் நினைக்கிற மாதிரி இருந்துவிட்டால், எப்படியாவது மிச்ச நாளை ஓட்டிவிடலாம்.

"வியாழக்கிழமை சாயங்காலம்தானே போச்சு அந்தம்மாவுக்கு உயிர்? நாலு பத்துக்கு?"

இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல."

பட்டைக்காரர் அட்டையின் கடைசி வரியில் கட்டைவிரலை வைத்தார்.

"வியாழக்கிழமை செத்துட்டாங்கன்னுதான் அந்த ஆளும் நெனச்சிருக்கான். அதுவரைக்கும் ராத்திரி பகல்னு பாக்காம கதவத் தட்டிக்கிட்டே இருந்தாங்களாம். அன்னிக்கு சாயங்காலம் தட்டுறது நின்னு போச்சு. நீங்களும் போன் பண்ணியிருக்கீங்க. வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போய்க் கதவத் தெறந்து பாத்திருக்கான்."

வாசலில் ஒரு லாரி போயிற்று. அது போகும்வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"உயிரோடதான் இருந்தாங்களாம். செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்களாம், கண்ணத் தெறந்துக்கிட்டு. கதவு தெறந்தே இருந்தும் எழுந்திரிக்கலயாம். கத்தலயாம். மறுபடி பூட்டிட்டு வந்துட்டான். அதுக்கப்புறமும் மூணு நாள் இருந்திருக்காங்க. ஒரு தடவகூடத் தட்டலயாம்."

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இனிமே யாராவது வருவாங்கன்னு பாத்துக்கிட்டிருந்த மூஞ்சி இல்ல அதுன்னு அவனே எழுதிக் குடுத்திருக்கான்."